இடது கைக்காரனின் மடக்குக் கத்தி

மடக்குக் கத்தி வாங்க யோசனை கேட்பவர்கள் எடுத்த எடுப்பில் "எந்த ஸ்டீல் நல்லது?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது: "நீங்க எந்தக் கைக்காரர்?" நான் இடது கைக்காரன், அதனால் வந்த பழக்கம் இது. ஆனால் வலது கைக்காரர்களும் லாக்கிலிருந்து, அதாவது திறந்த பிளேடு விரல் மேல் மடங்கிவிடாமல் பிடித்து நிறுத்தும் அமைப்பிலிருந்து, ஆரம்பிப்பதுதான் சரி என்பது என் கட்சி. ஸ்டீலின் பெயர் கடைசியில் வரவேண்டிய விஷயம். அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

டாலஸுக்கு வடக்கே ரிச்சர்ட்சனில் ஒரு டேட்டா சென்டரில் வேலை எனக்கு. சர்வர் வரும் அட்டைப்பெட்டிகள், அவற்றைச் சுற்றிய பிளாஸ்டிக் பட்டைகள், பேலட்டைப் போர்த்தியிருக்கும் ஷ்ரிங்க் ராப், கேபிள் டை, வெல்க்ரோ என்று நாள் முழுக்க எதையாவது அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் ஊரிலிருந்து வரும் பார்சல், தோட்டத்துச் சணல், காரில் வைத்துத் தின்னும் ஆப்பிள். இதில் எதற்குமே நானூறு டாலர் கத்தி தேவையில்லை. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், பிளேடு மாற்றிக்கொள்ளும் கட்டர் எல்லாவற்றையும் அறுத்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலையுயர்ந்த கத்தியை நான் வாங்கியது ஆசைக்கு. ஆனால் அந்த ஆசைக்குள்ளும் நல்ல தேர்வு, மோசமான தேர்வு என்று உண்டு.

முதலில் சட்டம், ஏனென்றால் அளவை அதுதான் முடிவு செய்கிறது. டெக்ஸாஸில் 2017 செப்டம்பர் 1 முதல் பிளேடு ஐந்தரை அங்குலத்துக்கு மேல் போனால்தான் சில இடங்களுக்கு எடுத்துப்போகத் தடை. அதற்குக் குறைந்த சாதாரண மடக்குக் கத்திக்குப் பெரிய தொல்லை இல்லை. சிகாகோவில் கணக்கு இரண்டரை அங்குலம். நியூயார்க் நகரத்தில் நான்கு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், அதோடு பொது இடத்தில் கத்தி வெளியே தெரியவும் கூடாது. பாக்கெட் ஓரத்தில் எட்டிப்பார்க்கும் கிளிப்பே அங்கே வம்பை இழுத்துவிடலாம். பிரிட்டனில் மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட, லாக் இல்லாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் கேட்காமல் விடுவார்கள். லாக் இருந்தால் அதை வைத்திருக்க நியாயமான காரணம் சொல்ல வேண்டும். ஊர் மாறினால் கத்தியும் மாற வேண்டியிருக்கும். சிகாகோ போன்ற ஊர்கள் நீங்கலாக, அமெரிக்காவுக்குள் அடிக்கடி பயணம் செய்பவர்கள் மூன்று அங்குலத்தை ஒட்டி நின்றுகொள்வது நிம்மதி. அட்டைப்பெட்டிக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

இப்போது லாக். இதில் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும்.

விலை உயர்ந்த கத்திகளில் அதிகம் பார்க்கக் கிடைப்பது ஃபிரேம் லாக். கைப்பிடியின் ஒரு பக்கத் தகட்டிலேயே நீளவாக்கில் ஒரு பட்டையை அறுத்துவிட்டிருப்பார்கள். பிளேடு முழுக்கத் திறந்ததும் அந்தப் பட்டை உள்ளே நகர்ந்து, பிளேடின் அடிப்பகுதிக்கு முட்டுக்கொடுத்து நிற்கும். பாகங்கள் குறைவு, உறுதி அதிகம். தென்னாப்பிரிக்காவிலிருந்து 1989இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ் என்ற கைவினைஞர் தன் செபென்ஸா கத்தியில் கொண்டுவந்த அமைப்பு இது. இன்று உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள்.

மூடும்போது அந்தப் பட்டையை வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். வலது கைக்காரருக்குக் கட்டைவிரல் தானாக அங்கே போய் உட்காரும். எனக்குக் கட்டைவிரல் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். சுட்டுவிரலை வளைத்து உள்ளே விட்டு இழுத்தால்தான் நகரும். அப்படி இழுக்கும் நேரத்தில் அந்த விரல் பிளேடு இறங்கி வரும் வழியிலேயே இருக்கும். நிதானமாகச் செய்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஏணி மேல் நின்றுகொண்டு, இன்னொரு கையில் கேபிளைப் பிடித்தபடி, ஒரே கையால் மூடும்போது நிதானம் எங்கே இருக்கும்? வலது கைக்காரர்களுக்குமே ஃபிரேம் லாக்கையும், கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு அதே வேலையைச் செய்யும் லைனர் லாக்கையும் மூடும்போது ஒரு கணம் கட்டைவிரல் பிளேடின் பாதையில் இருக்கத்தான் செய்கிறது. யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பிரச்சினையே இல்லாதது ஆக்ஸிஸ் லாக். மெக்ஹென்றி, வில்லியம்ஸ் என்ற இருவர் வடிவமைத்து, பெஞ்ச்மேட் நிறுவனம் 1998இல் அறிமுகப்படுத்தியது. பிளேடின் அடியில் குறுக்காக ஒரு சிறு கம்பி, அதைப் பின்னாலிருந்து தள்ளிப் பிடிக்க இரண்டு பக்கமும் மெல்லிய ஸ்பிரிங். கம்பியை இரண்டு விரலால் பின்னுக்கு இழுத்தால் பிளேடு தானே விழும். எந்தக் கையானாலும் ஒன்றுதான், விரலும் பாதையில் இல்லை. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு இதே அமைப்பு கிராஸ்பார் லாக் என்ற பெயரில் ஐம்பது அறுபது டாலர் கத்திகளிலும் வந்துவிட்டது. இடது கைக்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. மெல்லிய ஸ்பிரிங் என்பதால் பல வருடம் உழைத்த பிறகு ஒன்று உடையலாம். ஒன்று உடைந்தாலும் இன்னொன்று தாங்கும், மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்பைடர்கோ நிறுவனத்தின் கம்ப்ரெஷன் லாக் கத்தியின் முதுகுப் பக்கம் இருக்கிறது. வலது கையில் அற்புதம். அந்த நிறுவனத்தின் பாராமிலிட்டரி 2 கத்தியை வைத்திருக்கும் நண்பர்கள் அதைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன், கை சும்மா இருக்க விடாது. என் கையில் அது ஏனோ தலைகீழாகப் பிடித்த மாதிரி இருந்தது. அதற்கு இடது கைப் பதிப்பும் வந்திருக்கிறது, தேடிப்பிடிக்க வேண்டும். பக் நிறுவனத்தின் 110 கத்தி 1960களில் பிரபலமாக்கிய, கைப்பிடியின் முதுகை அழுத்தி விடுவிக்கும் பேக் லாக்கும் இரண்டு கைக்கும் பொது. ஆனால் ஒரு கையால் மூடக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

கிளிப்பையும் இங்கேயே பார்த்துவிடலாம். 1981இல் ஸ்பைடர்கோ தன் முதல் கத்தியில் கிளிப்பை வைத்ததிலிருந்துதான் மடக்குக் கத்தி பாக்கெட்டின் அடியாழத்திலிருந்து ஓரத்துக்கு வந்தது. பல கத்திகளில் கிளிப் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். கழற்றி மறுபக்கம் மாட்டத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். வலது கைக்காரர்கள் பார்க்க வேண்டியது வேறு: கத்தியை இறுக்கிப் பிடித்து ஒரு தடித்த அட்டையை நீளமாக அறுத்துப் பாருங்கள். கிளிப்பின் நுனி உள்ளங்கையில் குத்தினால் அந்தக் கத்தி உங்களுக்கு ஆகாது. கடையில் சும்மா கையில் ஏந்திப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது.

அதனால்தான் வாங்குமுன் கையில் பிடித்துப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஃபோர்ட் வொர்த்தில் நடந்த பிளேடு ஷோ டெக்ஸாஸ் என்ற கத்திக் கண்காட்சிக்கு ஒரு நண்பருடன் போயிருந்தேன். திருநெல்வேலிக்காரர், என்னைவிடச் சின்னவர், கத்தி மேல் ஆர்வமே கிடையாது. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் இருநூறிலிருந்து இரண்டாயிரம் டாலர் வரை. ஒரு மேசையில் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு என் காதில் கிசுகிசுத்தார்: "அண்ணே, இந்தக் காசுக்குத் திருப்பாச்சேத்தியில ஒரு வண்டி அரிவாள் வாங்கலாமே." மேசைக்குப் பின்னால் இருந்த வெள்ளைத் தாடிப் பெரியவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஊரில் அரிவாளுக்குப் பேர்போன ஒரு கிராமம் இருக்கிறது என்று விளக்கினேன். உடனே அவர் ஃபோனை எடுத்து அந்த அரிவாளின் படத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் கொல்லுப்பட்டறை பற்றித்தான் பேச்சு. நண்பருக்குக் கத்தி மேல் ஆர்வம் வந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அங்கே நான் எதிர்பார்க்காத ஒன்றும் தெரிந்தது. படத்தில் மயக்கிய கத்திகள் பலவும் கையில் பெரிதாகவும் கனமாகவும் இருந்தன. நூற்றைம்பது கிராமைத் தாண்டினால் மெல்லிய துணிப் பேன்ட் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கும். ஜீன்ஸ் போடுகிறவர்களுக்குப் பரவாயில்லை. டெக்ஸாஸ் வெயிலில் வருடத்தில் பாதி நாள் நான் மெல்லிய பேன்ட்தான். பெஞ்ச்மேட் பக்அவுட் ஐம்பது கிராம் சொச்சம், பாக்கெட்டில் இருப்பதே மறந்துபோகும். இலகுவான கைப்பிடி கொஞ்சம் வளைந்துகொடுக்கும், அது எடைக்காகக் கொடுக்கிற விலை. சின்ன செபென்ஸா 31 சுமார் எண்பத்தைந்து கிராம், பிளேடு ஏறக்குறைய மூன்று அங்குலம். எனக்கு ஒத்துவரும் எடை இந்த இரண்டுக்குள்தான்.

அடுத்தது, என் கணக்கில் லாக்குக்குச் சமமான முக்கியம் கொண்டது: பிளேடு எவ்வளவு மெல்லியது. கூர்மை என்பது வேறு, அறுக்கும் திறன் என்பது வேறு. முடியைச் சிரைக்கும் அளவுக்குக் கூராக்கிய தடித்த பிளேடு, கேரட்டில் வைத்து அழுத்தினால் பாதியில் 'டக்' என்று பிளக்கும். விளிம்பு உள்ளே போய்விடுகிறது, அதன் பின்னால் வரும் தடிமன் விறகில் ஆப்பு அடித்தது போல இரண்டு பக்கமும் நெட்டித் தள்ளுகிறது. மெல்லிய பிளேடு சத்தமில்லாமல் கீழே இறங்கும். அட்டைப்பெட்டியிலும் இதே கதைதான். கூர் கொஞ்சம் மழுங்கிய மெல்லிய கத்தி கூட, புதுக்கூர் போட்ட தடிக் கத்தியைவிட அட்டையை எளிதாக அறுக்கலாம்.

இதை அளக்க இருபது டாலர் டிஜிட்டல் கேலிப்பர் போதும். கத்தியின் முதுகுத் தடிமனை அளந்து பயனில்லை. சாணை பிடித்த பளபளப்பான ஓரப்பட்டை இருக்கிறதல்லவா, அது முடிந்து பிளேடின் உடல் தொடங்கும் இடத்தில் கேலிப்பரின் வாயை மெதுவாக வைத்து அளக்க வேண்டும். அரை மில்லிமீட்டருக்குள் வந்தால் நன்றாக அறுக்கும். 0.8 மில்லிமீட்டரைத் தொட்டால், அது நெம்புவதற்கும் முரட்டு வேலைக்கும் செய்த கத்தி. ராணுவம், தீயணைப்பு என்று விளம்பரம் செய்யும் கத்திகள் பலவும் இந்த வகை. அட்டைப்பெட்டி உடைக்கிற நமக்கு அது எதற்கு? பிரான்ஸின் சவாய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்யப்படும் ஒபினெல், மரப்பிடி போட்ட எளிய கத்தி. இருபது முப்பது டாலருக்கு வாங்கிய எட்டாம் நம்பர் ஒபினெல் ஆப்பிளை நறுக்கும் அழகு, என்னிடம் உள்ள விலையுயர்ந்த கத்திகள் எதற்கும் வராது. காரணம் ஸ்டீல் இல்லை, மெல்லிய பிளேடு. அதன் கார்பன் ஸ்டீல் பதிப்பில் மாங்காய் நறுக்கினால் மட்டும் பிளேடும் கறுக்கும், மாங்காயும் கறுக்கும். அரிவாள்மணையில் காய் நறுக்கி வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை.

சரி, ஸ்டீலுக்கு வருவோம். 2001இல் குரூசிபிள் என்ற அமெரிக்க ஆலை, கிறிஸ் ரீவ் போன்றவர்களின் யோசனையோடு, கத்திக்கென்றே எஸ்30வி என்ற ஸ்டீலைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு எழுத்தும் எண்ணுமாகப் பெயர்கள் பெருகிக்கொண்டே போயின. 2021இல் வந்த மேக்னாகட் எனக்குப் பிடித்தது. லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்தார். வழக்கமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியத்தின் ஒரு பகுதி கார்பனோடு சேர்ந்து பெரிய கடினத் துகள்களாகிவிடும். அந்தத் துகள்கள் துருவைத் தடுக்க உதவாது, விளிம்பையும் எளிதில் உடையவைக்கும். மேக்னாகட்டில் குரோமியத்தை 11 சதவீதத்துக்குக் கீழே வைத்து, அது முழுக்க ஸ்டீலில் கரைந்தே இருக்கும்படி செய்திருக்கிறார். கடினத் துகள்களாகும் வேலையை வனேடியமும் நையோபியமும் பார்த்துக்கொள்கின்றன, அந்தத் துகள்கள் மிகச் சிறியவை. அதனால் குரோமியம் குறைவாக இருந்தும் எளிதில் துரு பிடிப்பதில்லை, விளிம்பும் எளிதில் உடைவதில்லை. ஆகஸ்ட் மாத வியர்வையில் நாள் முழுக்கப் பாக்கெட்டில் நனைந்த கத்தியில் நான் இன்னும் ஒரு புள்ளி துருவைப் பார்க்கவில்லை.

இருந்தாலும் எஸ்30விக்கும் மேக்னாகட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அட்டை அறுக்கும்போது உணர்கிறேன் என்று சொன்னால் அது பொய். இரண்டு கத்தியையும் கண்ணைக் கட்டிக் கையில் கொடுத்தால் எனக்குத் தெரியாது. சூடுபடுத்திப் பதமாக்குவதில் ஒரு தயாரிப்பாளருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசம், ஸ்டீலின் பெயரில் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது. புதுப் பெயருக்காக நூறு டாலர் கூடக் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் நானூறு டாலருக்கு மேல் கொடுத்தால் என்னதான் கிடைக்கிறது? கூர்மை இல்லை, அதைச் சொல்லிவிட்டேன். கிடைப்பது துல்லியம். சின்ன செபென்ஸாவின் இடது கைப் பதிப்பை நான் வாங்கினேன். அந்த நிறுவனம் இடது கைக்கென்று எல்லாவற்றையும் திருப்பிப்போட்டுச் செய்து தருகிறது, என்னை இழுத்ததும் அதுதான். அலென் சாவியால் சில ஸ்குருக்களைக் கழற்றினால் கத்தி மொத்தமும் மேசையில் துண்டு துண்டாக வந்துவிடும்: இரண்டு டைட்டானியத் தகடு, பிளேடு, வெண்கல வாஷர் இரண்டு, நடு அச்சைச் சுற்றி ஒரு சிறு குழாய். அந்தக் குழாய்தான் ரகசியம். மற்றப் பல கத்திகளில் நடு ஸ்குருவை இறுக்கினால் பிளேடு திறக்கச் சிரமப்படும், தளர்த்தினால் ஆடும், நடுவில் சரியான இடத்தைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் குழாயின் நீளமே இடைவெளியை முடிவு செய்துவிடுவதால் ஸ்குருவை இறுக்க முடிந்தவரை இறுக்கிவிடலாம். பிளேடு அப்படியே வழுக்கிக்கொண்டு போகும், ஆட்டமும் இருக்காது. கழற்றித் துடைத்து, ஒரு துளி கிரீஸ் வைத்து மாட்டினால் புதிது போலாகிவிடும். அட்டைத் தூசியில் உழலும் கத்திக்கு இது பெரிய விஷயம். இப்போது பல கத்திகளில் வாஷருக்குப் பதில் பால் பேரிங் வருகிறது. திறக்கும்போது அருமையாக இருக்கும், ஆனால் தூசி புகுந்தால் நறநறக்கும்.

விலை அதிகம் என்றால் குறை இருக்காது என்றில்லை. முன்னூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய வேறொரு ஃபிரேம் லாக் கத்தியில் (எந்த நிறுவனம் என்பது வேண்டாம்) லாக் சிக்கிக்கொண்டே இருந்தது. டைட்டானியம் ஸ்டீலின் மேல் உரசும்போது ஒட்டிக்கொள்ளும் குணம் உடையது. மூட விரல் நோகுமளவு இழுக்க வேண்டியிருந்தது. பட்டை முட்டும் இடத்தில் பென்சிலால் நன்றாகத் தேய்த்துவிட்டால் கொஞ்ச நாள் தாங்கும், அந்தக் கரி ஒரு மசகு மாதிரி. அதுவும் போய் மறுபடி சிக்கியபோது நிறுவனத்துக்கே அனுப்பிச் சரிசெய்து வாங்கினேன். செபென்ஸா 31இல் பட்டையின் நுனியில் ஒரு செராமிக் குண்டு வைத்திருக்கிறார்கள். டைட்டானியம் நேராக உரசாததால் இந்தத் தொல்லை இல்லை. நீங்கள் பார்க்கும் ஃபிரேம் லாக் கத்தியில் பட்டையின் நுனியில் ஸ்டீல் துண்டோ செராமிக்கோ தனியாகப் பொருத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இந்த விலைக்கு அது இருந்தே ஆக வேண்டும்.

வாங்கும் இடம் பற்றி ஒன்று. பெயர்பெற்ற கத்திகளுக்கெல்லாம் போலி உண்டு. செபென்ஸா மாதிரியே, எழுத்து மாறாமல், அறுபது டாலருக்கும் போலி கிடைக்கிறது. முகப்பு விலை சந்தேகத்துக்குரிய அளவு குறைந்திருந்தால் நகர்ந்துவிடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்களின் பட்டியல் தயாரிப்பாளரின் இணையதளத்திலேயே இருக்கும். பழைய கத்தி வாங்குவதில் தப்பில்லை, நல்ல பெயர்கள் விலை அதிகம் இறங்குவதும் இல்லை. பெட்டி, கூட வந்த அட்டை, பிளேடை இதற்கு முன் சாணை பிடித்திருக்கிறார்களா என்பது, இந்த மூன்றையும் படம் கேட்டு வாங்கிப் பாருங்கள். மின்சார அரவையில் கொடுத்து நுனி உருண்டுபோன கத்திகள் ஏராளம்.

இப்போது சாணை. விலையுயர்ந்த கத்தி வாங்கிவிட்டு, கூர் போய்விடுமே என்று பயந்து பாக்கெட்டிலேயே வைத்திருப்பவர்களைத் தெரியும். கொஞ்சம் பழகினால் பயம் போய்விடும். வனேடியம் சேர்ந்த ஸ்டீலுக்குச் சாதாரணச் சாணைக்கல் மெதுவாகத்தான் ஏறும், வைரத் துகள் பதித்த டயமண்ட் பிளேட் வாங்கிக்கொள்ளுங்கள். நானூறு, ஆயிரம் என்ற சொரசொரப்பு எண்களில் இரண்டு போதும். கறுப்பு மார்க்கரால் ஓரப்பட்டையை இரண்டு பக்கமும் முழுக்கப் பூசுங்கள். கத்தியைக் கல்லில் பதினேழு பதினெட்டு டிகிரி சாய்வில் வைத்து ஒரே ஒரு முறை இழுத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மை மேல் ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் கத்தியைக் கொஞ்சம் நிமிர்த்த வேண்டும். விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் கொஞ்சம் படுக்கவைக்க வேண்டும். அகலம் முழுக்க அழிந்தால் அந்தச் சாய்வைக் கை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

பிறகு ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் மறுபக்கம் ஒரு பிசிறு எழும்பும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்பைத் தாண்டி வெளியே போகும் திசையில் மெதுவாகத் தடவினால் தட்டுப்படும். அடிப்பிடியிலிருந்து நுனி வரை முழுக்க அது எழும்பும்வரை பக்கத்தை மாற்றக் கூடாது. பாதியில் மாற்றுவதால்தான் பலருக்குக் கூர் வருவதில்லை. மறுபக்கமும் அதேபோல. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறி, எடையே வைக்காமல், சும்மா தொட்டுத்தொட்டு இழுத்துப் பிசிறைக் குறைக்க வேண்டும். கடைசியில் தோல்வார். சலூனில் சவரக் கத்தியைத் தீட்டுவார்களே, அதே வார்தான், முதுகு முன்னால் போகும்படி இழுக்க வேண்டும். பழைய பெல்ட்டின் சொரசொரப்பான உட்பக்கத்தை ஒரு பலகையில் ஒட்டியும் செய்துகொள்ளலாம். செய்தித்தாளின் ஓரத்தை எந்தச் சத்தமும் இல்லாமல் அறுத்தால் போதும். முடி சிரைக்கிறதா என்று கையைச் சுரண்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கில்லை. அலுவலகத்தில் முழங்கை வரை வழுக்கையாகத் திரியும் ஒருவரைப் பார்த்ததிலிருந்து நிறுத்திவிட்டேன்.

கத்தியோடு மனிதர்கள் நடுவில் இருப்பதும் இந்தத் தேர்வில் சேர்ந்ததுதான். அமெரிக்கர்களே ஆனாலும், திடீரென்று ஒருவன் 'சடக்' என்று கத்தியைத் திறந்தால் முகம் மாறும். நான் அலுவலகத்தில் இரண்டு கையாலும் மெதுவாகத்தான் திறப்பேன். நுனி கூராக நீண்ட கறுப்புக் கத்தியைவிட, நுனி தாழ்ந்து முதுகு வளைந்த ஷீப்ஸ்ஃபுட் வடிவம் பார்ப்பவர்களைப் பயமுறுத்தாது, கேபிளின் மேலுறையைக் கிழிக்கும்போது உள்ளே குத்தவும் செய்யாது. சில வாடிக்கையாளர்களின் கூடங்களில் திறந்த பிளேடுக்கே அனுமதி இல்லை, அவர்கள் தரும் பாதுகாப்புக் கட்டர்தான். அதில் வாதம் செய்வதில்லை.

பிள்ளையின் பள்ளிக்கு வண்டியை விட்டு இறங்கிப் போக வேண்டியிருந்தால் கத்தி வீட்டிலேயே இருக்கும். குடியேற்ற அலுவலகத்தில் கைரேகை கொடுக்கப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: மத்திய அரசுக் கட்டடங்களுக்குள் ஆயுதம் கொண்டுபோவதைத் தடுக்கும் சட்டம், இரண்டரை அங்குலத்துக்குக் குறைந்த பாக்கெட் கத்தியை ஆயுதக் கணக்கிலிருந்து விலக்குகிறது. மூன்று அங்குலக் கத்தி அந்த விலக்கில் வராது. சின்னக் கத்தியானாலும் வாசலில் இருக்கும் பாதுகாவலர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கிரீன் கார்டுக்கு வருடக்கணக்கில் காத்திருந்துவிட்டு அந்த வாசலில் கத்திக்கு விளக்கம் சொல்ல யாருக்கும் ஆசை இருக்காது. விமானத்தில் கைப்பையில் எந்த மடக்குக் கத்திக்கும் இடமில்லை. 2013இல் சின்னக் கத்திகளை அனுமதிக்கலாம் என்று ஒரு யோசனை வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில மாதங்களில் கைவிட்டார்கள். செக்-இன் பெட்டியில் போடலாம், பிளேடு வெளியே வராதபடி சுற்றி வைக்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது நான் ஒபினெலைத்தான் பெட்டியில் போடுவேன். இந்திய ஆயுத விதிகளில் ஆயுதக் கணக்கில் வரும் கத்தி என்பது பிளேடு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்டது. வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் இவற்றுக்காகச் செய்தவை அதில் சேராது. என் கத்தி அந்தக் கணக்குக்கு அருகில்கூட வராது. ஆனாலும் கோயில், மெட்ரோ, மால் என்று பை சோதிக்கிற இடங்களுக்கு அதை எடுத்துப்போவதில்லை. ஊரில் பாக்கெட்டில் கத்தி வைத்திருப்பவனைப் பார்க்கும் பார்வையே வேறு.

பட்ஜெட் சொல்லிக் கேட்பவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். முதல் கத்தி என்றால் கிராஸ்பார் லாக் போட்ட ஐம்பது அறுபது டாலர் கத்தி ஒன்றை வாங்கிச் சில மாதம் தினமும் வைத்துக்கொள்ளுங்கள். எதை அறுக்கிறீர்கள், எந்தப் பாக்கெட்டில் போடுகிறீர்கள், எடை உறுத்துகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அதையே நீங்களாகச் சாணை பிடித்துப் பழகுங்கள், கெட்டாலும் நஷ்டமில்லை. அதற்குப் பிறகும் மனம் அடங்கவில்லை என்றால் இருநூறு டாலரை ஒட்டி ஒரு பக்அவுட்டோ பாராமிலிட்டரியோ. வேலைக்கு இதற்கு மேல் தேவையே இல்லை. நானூறைத் தாண்டுவது, கழற்றி மாட்டுவதிலும் துல்லியத்திலும் சுகம் காண்கிறவர்களுக்கு மட்டும்.

திருநெல்வேலி நண்பர் கடைசியில் அறுபது டாலர் கத்தியோடு நின்றுகொண்டார். வாரம் ஒரு முறை என் வீட்டுக்கு வந்து என் டயமண்ட் பிளேட்டில் அதைத் தீட்டிக்கொண்டு போகிறார். என் மனைவிதான் அவரிடம் கேட்டாள், "இவர் கத்தி என்ன விலைன்னு உங்களுக்காவது தெரியுமாங்க?" நல்லவேளை, மனுஷன் பிசிறு தட்டுப்படுகிறதா என்று கட்டைவிரலால் தடவிக்கொண்டே, காது கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.